சாவி யார் பையில் இருந்தது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் வேலை. கல்லூரி நாளிலிருந்து நாங்கள் நான்கு பேர் நெருங்கிய நண்பர்கள். மூன்று வருடமாக எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவரை மற்றவர்கள் கட்டிப்போடுவோம். ஆரம்பத்தில் பருத்திக் கயிறுதான். போன வருடம் ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பன் கனமான தோல் சாமான்கள் கொண்டுவந்தான். கைகளை மார்போடு சேர்த்துக் கட்டும் சட்டை, கழுத்துவரை மூடும் தோல் பை, முகமூடி, வாய்ப்பூட்டு, இரும்பு விலங்கு. எல்லாமே எல்லோருடைய சம்மதத்தோடுதான் நடக்கிறது. எனக்குக் கட்டப்பட்டுக் கிடப்பது பிடிக்கும். மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் அப்போதுதான் நிற்கும்.

12 நாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. இரண்டு பீர் குடித்திருந்தோம். சட்டை, அதன்மேல் தோல் பை, முகமூடி, வாய்ப்பூட்டு. பையின் வார்களைக் கோத்துத் திண்டுக்கல் பூட்டு ஒன்று போட்டார்கள். வலது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வலது கை மரத்தது. நிறுத்த வேண்டுமென்றால் ‘கருப்பட்டி’ என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வாய் கட்டியிருந்தது. முனகியிருக்கலாம். ஆனால் அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறானே என்று பொறுத்துக்கொண்டேன். நடுவில் ஒருவன் பரோட்டா வாங்கக் கடைக்குப் போய்விட்டான். சாவி அவன் பேன்ட் பையில். மற்ற இருவரும் மொட்டைமாடியில். எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம்.

அன்றிலிருந்து வலது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. முஷ்டி மடக்க முடிகிறது. விரல்களை நிமிர்த்த முடியவில்லை. கட்டைவிரலின் பின்புறம் மரத்திருக்கிறது. தூக்கத்தில் கை மடங்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தினமும் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். சுளுக்கு எடுப்பவரிடமும் போய்வந்தோம். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது? இது மனநோயா? சட்டப்படி குற்றமா? நண்பர்கள் நல்லவர்கள். அவர்களை இழக்கவும் மனமில்லை, திரும்பப் படுக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்:

வணக்கம் தம்பி. முதலில் கை. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியிருப்பதை எந்த மருத்துவர் படித்தாலும் ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மேற்கை எலும்பின் பின்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் எலும்பை ஒட்டிக்கொண்டு இந்த நரம்பு சுற்றி இறங்குகிறது. வெளியிலிருந்து ஒரு வாரோ உடம்பின் எடையோ அந்த இடத்தில் அழுத்தினால் நரம்புக்கு ஒதுங்க இடமில்லை. எலும்புக்கும் வாருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டபடி தூங்கிப்போனவர்களுக்கு இதே வாதம் வருவதால், ஆங்கில மருத்துவ வழக்கில் இதற்கு ‘சனிக்கிழமை இரவு வாதம்’ என்றே பெயர் இருக்கிறது. உங்களுக்கு மேற்கையில் வார் இருந்தது, அதே பக்கம் சாய்ந்தும் படுத்திருந்தீர்கள், போதை வேறு. மூன்றும் சேர்ந்துகொண்டன.

பெரும்பாலும் இது சரியாகிவிடும். நரம்பின் மேலுறை மட்டும் அடிபட்டிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் கை திரும்பிவிடும். உள்ளே இருக்கும் இழைகளே அறுந்திருந்தால் அவை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம்தான் வளர்ந்து வரும். அப்போது மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும். உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க நரம்புக் கடத்தல் பரிசோதனையும் தசை மின்பரிசோதனையும் இருக்கின்றன. காயம்பட்டு மூன்று வாரம் ஆனபின் அவற்றில் தெளிவான விடை கிடைக்கும். அதற்காக மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நரம்பியல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் பட்டை ஒன்று போடச் சொல்வார். பிசியோதெரபி நிபுணர் விரல் மூட்டுகள் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருவார். அதுவரை பைக் ஓட்டாதீர்கள். முன் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அந்தக் கையில்தான் இருக்கின்றன.

வெந்நீர் ஒத்தடத்தை இன்றே நிறுத்துங்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்பளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். சுளுக்கு எடுப்பவரிடமும் இனிப் போக வேண்டாம். நசுங்கிய நரம்பை மறுபடி அழுத்தித் தேய்ப்பதால் உங்களுக்குத் தீங்குதான். தூக்கத்தில் மடங்கியது என்று நீங்கள் சொன்ன ஒரு பொய், உங்கள் மனைவியின் அக்கறையையே தப்பான வழியில் திருப்பிவிட்டது, பாருங்கள். கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் வருத்தியது இந்த இடம்தான்.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ‘மேற்கையில் தோல் வார் இறுக்கமாகக் கட்டியிருந்தது, அந்தப் பக்கமே இரண்டேகால் மணி நேரம் படுத்திருந்தேன், ஒரு மணி நேரத்தில் மரத்தது, அன்று குடித்திருந்தேன்.’ இது போதும். எங்கே அழுத்தியது, எவ்வளவு நேரம், அன்றிலிருந்து கூடியதா குறைந்ததா என்பதுதான் அவருக்கு வேண்டும். ஏன் கட்டினார்கள் என்று கேட்டால், வயது வந்த நண்பர்களுக்குள் சம்மதத்தோடு நடந்தது, யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை என்று சொல்லுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழில்முறைக் கடமை. ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் போங்கள். கூச்சத்தால் கையை இழக்க வேண்டாம்.

சரி, இனி மற்றவை.

நான் மனநல மருத்துவர். என் தொழிலில் நானே ஆட்களைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு வார்டில், கட்டுக்கடங்காமல் கொதித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞரைப் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினோம். இரவு முழுக்க ஒரே ஒரு செவிலியர், ஏறத்தாழ 40 நோயாளிகள். காலையில் போய் அவிழ்த்தபோது அவருடைய கையும் உங்கள் கை போலத்தான் தொங்கியது. நாலு மாதம் ஆயிற்று சரியாக. அந்த மனிதர் இரவெல்லாம் கத்தியிருக்கிறார். எப்போதும் கத்துகிறவர்தானே என்று யாரும் எழுந்து போகவில்லை. அந்த இரவை நான் மறக்கவே இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவில், நோயாளியைக் கட்டுவதற்கு எல்லை வகுத்திருக்கிறது. உடனடியான ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். பொறுப்பிலுள்ள மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். எப்படிக் கட்டினோம், ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே எழுதி வைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகக் கட்டக் கூடாது. கட்டப்பட்டவர் தொடர்ந்து கண்காணிப்பில் இருக்க வேண்டும். நல்ல வார்டுகளில் செவிலியர்கள் வாருக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து விரல் நுனியின் நிறம், சூடு, அசைவு பார்ப்பார்கள். குப்புறப் படுக்க வைக்க மாட்டார்கள்.

உங்கள் விளையாட்டும் வார்டும் ஒன்றில்லை. அங்கே சம்மதம் இல்லை, இங்கே இருக்கிறது. ஆனால் உங்கள் நரம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு இடத்திலும் கட்டப்பட்டவரின் கையில் எதுவும் இல்லை. ஆகவே, தனக்குப் பிரச்சினை என்று தெரிவிக்கும் வேலையைக் கட்டப்பட்டவர் தலையில் வைக்க முடியாது. அது கட்டியவரின் வேலை. உங்கள் நால்வருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கனமான சாமான்கள் வந்த பிறகு உங்கள் விளையாட்டில் மாறியதும் இதுதான். பருத்திக் கயிறாக இருந்தபோது வாய் திறந்திருந்தது, முகம் தெரிந்தது, விரல் அசைந்தது. வலித்தால் முகத்திலேயே தெரிந்திருக்கும். முகமூடி முகத்தை எடுத்துக்கொண்டது. வாய்ப்பூட்டு ‘கருப்பட்டி’யை எடுத்துக்கொண்டது. சட்டையும் பையும் கையை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு சாமானும் உங்கள் ‘போதும்’ என்ற சொல்லில் ஒரு துண்டைப் பறித்துக்கொண்டே போனது. அந்தத் துண்டுகளை வெளியே இருந்த மூவரில் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை.

வாய் கட்டியிருப்பவர் கையில் ஒரு சாவிக்கொத்தையோ மணியையோ கொடுத்து, கீழே போட்டால் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். நல்ல வழிதான். ஆனால் தோல் பைக்குள் அது பயன்படாது. விழுந்தாலும் சத்தம் கேட்காது. மரத்த கை எதையும் சரியாகப் பிடிக்காது, விட்டதும் தெரியாது. அங்கே ஒத்துவருவது வேறு. வெளியே இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் இரண்டு முறை முனக வேண்டும். பிறகு இரண்டு கை விரல்களையும் விரித்து மடக்கச் சொல்லி, பையின் மேல் கை வைத்து அசைவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் காத்திருக்காமல் திறக்க வேண்டும். தூங்கிவிட்டான், மயக்கமான சுகத்தில் இருக்கிறான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விடக் கூடாது. மரத்தால் அத்தோடு அந்தக் கட்டு முடிந்தது. வாரை இளக்கிவிட்டுத் தொடர்வது என்ற பேச்சே வேண்டாம்.

நீங்கள் முனகவில்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முன்பின் தெரியாதவர் கட்டியிருந்தால் நீங்கள் முதல் பத்தாவது நிமிடத்திலேயே துள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நண்பன் ஆசையாகக் கொண்டுவந்தது என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையைக் கொடுத்தீர்கள். நம் ஊரில் இது எல்லோருக்கும் பழக்கமான விஷயம். விருந்துக்குப் போன இடத்தில் போதும் போதும் என்று இலைமேல் கையை நீட்டி மறைப்போம். ‘ஒரே ஒரு கரண்டி’ என்று விரல் இடுக்கில் ஊற்றுவார்கள். அதை அன்பு என்றே இருவரும் நினைத்துக்கொள்வோம். ஆனால் இலையை மூடிவிட்டால் கதை வேறு. எவ்வளவு பிரியமானவரும் மூடிய இலையைத் திறந்து பரிமாற மாட்டார். சொல் வேண்டாம், விளக்கம் வேண்டாம், முகம் கோணவும் வேண்டாம், மூடினால் முடிந்தது. உங்களுக்குள் அப்படி ஒன்று இல்லை. ‘கருப்பட்டி’ என்ற சொல் இருந்தது, ஆனால் அதைச் சொன்னால் அந்த இரவு கெட்டுப்போகும் என்ற பயமும் கூடவே இருந்தது.

இதை மாற்ற ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை யார் படுத்தாலும், ஒரு பிரச்சினையும் இல்லாதபோதே, ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லட்டும். மற்றவர்கள் ஏன் என்று கேட்காமல் முழுவதும் அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, சிரித்துப் பேசட்டும். இதை நாலு பேரும் மாறி மாறிச் செய்யுங்கள். நிறுத்தச் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லி வைத்த ஏற்பாட்டைவிட இது ஆழமாக இறங்கும். அதோடு, கைக்கடிகாரத்தில் அவிழ்க்க ஆகும் நேரத்தையும் பாருங்கள். முகமூடியும் வாய்ப்பூட்டும் சில நொடிகளில் வர வேண்டும், முழு உடம்பும் இரண்டு நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். வரவில்லையா, அந்தச் சாமானை அந்த விதத்தில் போடக் கூடாது.

சாவிக்கு வருகிறேன்.

திண்டுக்கல் பூட்டு நம் பெருமை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் செய்யும் பூட்டு, ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது, லேசில் உடையாது. வீட்டுக் கதவுக்கு இவை எல்லாம் நல்ல குணங்கள். மனிதர் உள்ளே இருக்கும் பைக்கு இவை எல்லாமே கெட்ட குணங்கள். உங்களைப் பூட்டிவிட்டு அந்த ஒரே சாவியோடு ஒருவர் தெருவுக்குப் போயிருக்கிறார். அவர் பைக்கில் விழுந்திருந்தால்? மொட்டைமாடியில் இருந்த இருவருக்கும் கீழே சத்தம் கேட்டிருக்குமா? வாய்ப்பூட்டோடு வாந்தி வந்திருந்தால்? பீர் குடித்த வயிற்றுக்கு அது வராத விஷயமில்லை. வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் நிமிடக்கணக்கில் உயிர் போகும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் நடந்தது தமிழ்நாட்டில் யாரும் மறக்கக் கூடாதது. மனநலக் காப்பகம் என்று நடத்தப்பட்ட ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் தங்களைக் கட்டச் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்டது கொடுமை. உங்கள் வீட்டு அறையை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் சாவி வேறு இடத்தில் இருக்க, கட்டுண்ட மனிதர் தனியாக இருப்பது என்ற நிலை மட்டும் ஒன்றுதான். கேஸ் கசிந்தாலும் மின்கசிவு வந்தாலும் அது யார் சம்மதத்தையும் விசாரித்துவிட்டு வராது. எனவே இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. கட்டப்பட்டவர் இருக்கும் அறையை விட்டு, குடிக்காத ஒருவர் நகரவே கூடாது. கடைக்கு மட்டுமல்ல, மொட்டைமாடிக்கும் கூடாது.

பூட்டை விட்டுவிடுங்கள், பக்கிள் போதும். பூட்டுதான் வேண்டும் என்றால் ஒரே சாவிக்குத் திறக்கும் சாதாரணப் பூட்டுகளாக வாங்கி, ஒரு சாவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள், இன்னொன்று காவலிருப்பவர் கழுத்தில். ஆம்புலன்ஸில் துணியை வெட்ட வைத்திருக்கும் மழுங்கிய முனைக் கத்தரி கயிற்றுக்கும் மெல்லிய வாருக்கும் நன்றாக உதவும். உங்கள் தோல் தடிமனாக இருப்பதால், அதே தோலின் ஒரு துண்டை முன்னாலேயே வெட்டிப் பாருங்கள். இரும்பை எந்தக் கத்தரியும் வெட்டாது, போல்ட் கட்டர் அருகில் இருக்க வேண்டும். விலங்கில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பல் சக்கரம் உள்ள விலங்கு அழுத்த அழுத்த இறுகிக்கொண்டே போகும். நல்ல விலங்குகளில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு, சாவியின் முனையால் அழுத்தினால் அதற்குமேல் இறுகாது. அது இல்லாத விலங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. விலங்கு இறுகிக் கட்டைவிரல் மரத்துப்போனவர்களைக் காவல்துறைக் கைதுகளில் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

கோவை எவ்வளவு குளுமை என்று சொன்னாலும் ஏப்ரல், மே மாதத்தில் தோல் பைக்குள் மனிதர் வெந்துபோவார். வியர்வை ஆவியாக வழியில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் யோசிக்காதீர்கள். கரன்ட் போனால் உடனே திறக்க வேண்டும். சளியோ மூக்கடைப்போ இருக்கும் நாளில் வாய்ப்பூட்டு கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக் குப்புறப் போடுவது ஒருபோதும் கூடாது, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றவர்கள் உண்டு. கழுத்தில் எதையும் கட்டக் கூடாது. எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். நீண்ட நேரம் அசையாமல் கிடந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குடித்த அன்று விளையாட்டே வேண்டாம், ஒரு பீராக இருந்தாலும்.

இது மனநோயா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்யும் இந்த வகை ஈடுபாடுகள் அதில் நோயாக இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தால் வரும் வேதனையையும் அது நோயின் அடையாளமாகக் கொள்வதில்லை. ஆனால் அதே வகைப்பாட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. சம்மதத்தோடு நடந்தாலும், காயத்துக்கோ மரணத்துக்கோ கணிசமான ஆபத்து உள்ள விதத்தில் ஒருவருடைய ஈடுபாடு தொடர்ந்து போனால், அதை நோயாகக் கணிக்கலாம் என்கிறது. உங்கள் ஆசையில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. கட்டுண்டு கிடக்கும்போது மனம் அடங்குகிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். மண்டைக்குள் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றீர்களே, அது மட்டும் தினமும் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு முறை பேச வாருங்கள். அதை அடக்க இரண்டு மணி நேரத் தோல் பை ஒன்றுதான் வழி என்று ஆகிவிடக் கூடாது.

இப்படி நண்பர்களாகக் கூடிக் கற்றுக்கொள்வதும் புதிதில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 1974இலேயே ஜேனஸ் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். கட்டும் முறை, பாதுகாப்பு, பேசி முடிவெடுப்பது எல்லாம் அங்கே பாடமாகவே நடந்தது. பாதுகாப்பு, தெளிந்த புத்தி, சம்மதம் என்ற மூன்று சொற்களை 1980களில் நியூயார்க் நகரத்து ஆண்கள் அமைப்பு ஒன்று முன்வைத்து உலகெங்கும் பரப்பியது. பின்னால் 1999இல் இதே ஈடுபாடுள்ள வேறு சிலர், ஆபத்தே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது, என்ன ஆபத்து என்று தெரிந்து சம்மதிப்பதுதான் நேர்மை என்று திருத்தம் சொன்னார்கள். எனக்கு இந்தத் திருத்தம் பிடிக்கும். உங்கள் மேற்கையில் அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று அன்று உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததா?

சட்டம் பற்றி: நான் வழக்கறிஞர் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதா 25ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 87, சொல்வது இது: 18 வயது தாண்டியவர் சம்மதித்து ஏற்ற தீங்கு, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும் இல்லாமல், விளையக்கூடும் என்று தெரியாமலும் செய்யப்பட்டிருந்தால் அது குற்றமில்லை. பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு விளையாடும் இருவரைத்தான் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் கொடுங்காயம் எது என்று 116ஆம் பிரிவைப் பாருங்கள். 15 நாள் ஒருவர் தன் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலே அது கொடுங்காயம். பழைய சட்டத்தில் 20 நாள் என்று இருந்தது. உங்களுக்கு 12 நாள் ஆகிவிட்டது. அன்று நண்பர்களுக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்கிறேன். இந்தக் கைக்குப் பிறகு, தெரியாது என்று சொல்லும் இடம் அவர்களுக்கு இல்லை. நிறுத்தச் சொன்ன பிறகும் கட்டி வைத்திருந்தால் அது சட்டவிரோதச் சிறைவைப்பு. போதையில் என்ன நடக்கிறது என்று புரியாமல் கொடுத்த சம்மதமும் சம்மதம் ஆகாது. போலீஸுக்குப் போகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்களே அதை விரும்பவில்லை என்று தெரிகிறது.

மனைவியிடம் விளையாட்டைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவரின் வாழ்க்கை. நான் நுழைய மாட்டேன். கையைப் பற்றிய உண்மையை மட்டும் சொல்லிவிடுங்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது, தேய்க்கக் கூடாது என்று. எப்படி நசுங்கியது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் தயாராகும்வரை இன்னொரு பொய்யைச் சேர்க்காமல், ‘கொஞ்சம் நாள் கொடு, சொல்கிறேன்’ என்று சொல்லலாம். தினமும் தைலம் தேய்த்த கை அது. அந்த அளவு மரியாதையாவது அவருக்குச் சேர வேண்டும்.

நண்பர்கள் நல்லவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தோல் சாமான் எதுவும் கண்ணில் படாத இடத்தில், ஒரு காலை நேரத்தில், நாலு பேரும் உட்காருங்கள். தொங்கும் கையைக் காட்டுங்கள். நான் முனகாமல் இருந்தது ஏன் என்று நீங்கள் சொல்லுங்கள். சாவியோடு போனவர், மொட்டைமாடிக்குப் போனவர்கள், தங்கள் பங்கைச் சொல்லட்டும். ‘நீ சொல்லியிருக்கலாமே’ என்று ஒருவர் ஆரம்பித்தால், அவர் கையில் சாவி கொடுக்காதீர்கள், இப்போதும் சரி, கை குணமான பிறகும் சரி. உங்களோடு நரம்பு மருத்துவரிடம் கூட வருகிறேன் என்று யார் முதலில் எழுந்திருக்கிறாரோ அவரைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கை முழுதாகத் திரும்பும்வரை நீங்கள் படுக்க வேண்டாம். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு, சிறிய அழுத்தத்திலும் மறுபடி கெடும். அதற்குப் பிறகும் பயம் இருந்தால் படுக்காதீர்கள். காவலிருப்பதும் இந்த விளையாட்டில் ஒரு இடம்தான், வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவுமே வேண்டாம் என்று தோன்றினாலும், நாலு பேரும் டீ குடிக்கக் கூடலாம்.

மேசைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரித்துத் தூக்க முயன்று பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு நோட்டில் இடது கையால் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். பார்த்துவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.